நாலு பேரும் இருந்தால்தான் நம்பர் கேர்ள்

நான் முதலில் கேட்டது நம்பர் கேர்ள் என்ற ஜப்பானிய ராக் குழுவின் கடைசி இரவை. அது கடைசி இரவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு சுட்டி அனுப்பியிருந்தான். கூடவே ஒரே ஒரு வரி: "டிரம்ஸைக் கேளு." ஹெட்போனை மாட்டினேன். கூட்டத்தின் இரைச்சல். ஒருவர் கரகரத்த குரலில், ஊர்க்கூட்டத்தில் அறிவிப்புச் செய்கிறவர் மாதிரி, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு பெயர்கள் மட்டும் காதில் நின்றன. ஒன்று ஹகாதா. இன்னொன்று ஆஹிதோ இனாசாவா. அந்த இரண்டாவது பெயர் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், மதகைத் திறந்துவிட்ட மாதிரி டிரம்ஸ் பாய்ந்து வந்தது. வேனில் மற்றவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாட்டின் பெயர் 'ஒமோயிதே இன் மை ஹெட்'. ஒமோயிதே என்றால் நினைவுகள். பாடியது 4 பேர் கொண்ட அந்த நம்பர் கேர்ள் குழு. பதிவானது ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைதோ தீவின் சப்போரோ நகரத்தில், பென்னி லேன் 24 என்ற அரங்கத்தில். தேதி 2002 நவம்பர் 30. அன்று இரவோடு அவர்கள் குழுவைக் கலைத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பல வாரம் கழித்து. அதற்குள் அந்த ஒலிப்பதிவை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவை கூட இது விடைபெறுகிறவர்களின் இசை என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கும் கச்சேரி இருக்கிறது, நாளன்றைக்கும் இருக்கிறது என்கிற மாதிரித்தான் வாசித்திருக்கிறார்கள்.

கச்சேரி தோறும் சொல்லப்பட்ட அந்த அறிவிப்பின் பொருள் இவ்வளவுதான்: "ஃபுகுவோகா நகரம், ஹகாதா வட்டாரத்திலிருந்து வந்திருக்கிறோம். நம்பர் கேர்ள்." தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து, பெரிய கம்பெனியில் ஒப்பந்தமாகி, அமெரிக்காவுக்குப் போய் ஒலிப்பதிவு செய்துவிட்டு வந்த பிறகும் குழுவின் பாடகர் முகாய் ஷூதோகு இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இது மிகவும் பிடிக்கும். தான் எந்த ஊர்க்காரன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்கிற பிடிவாதம் அது.

ஃபுகுவோகா ஜப்பானின் தெற்கே க்யூஷு தீவில் இருக்கிறது. ராக் இசையில் அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பரம்பரை உண்டு. 1970களிலும் 80களிலும் சன்ஹவுஸ், ஷீனா அண்ட் தி ரொக்கெட்ஸ், தி ரூஸ்டர்ஸ் என்று வரிசையாக அந்தப் பக்கத்திலிருந்து குழுக்கள் கிளம்பின. ஹகாதாவின் புகழ்பெற்ற காரமான மீன்முட்டைப் பண்டம் மெந்தாய்கோ. அதை வைத்தே இந்த வகை இசைக்கு 'மெந்தாய் ராக்' என்று பெயர் விழுந்தது. நம்பர் கேர்ள் தொடங்கியது 1995இல். முகாய் பாட்டும் கிதாரும், தாபுச்சி ஹிசாகோ கிதார், நாகாவோ கென்தாரோ பேஸ் கிதார், ஆஹிதோ இனாசாவா டிரம்ஸ். முகாய் பிறந்தது பக்கத்து மாவட்டமான சாகாவில். அந்தக் காலத்துப் படங்களில் மூக்குக்கண்ணாடியும் சாதாரணச் சட்டையுமாக, ஏதோ அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவர் மாதிரி இருப்பார். தாபுச்சி மேடையில் பெரிதாக அசைய மாட்டார். முகத்தில் எந்தப் பாவமும் இருக்காது. அவருடைய ஜாஸ்மாஸ்டர் கிதாரிலிருந்து வரும் சத்தத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்த 4 பேரையும் தனித்தனியாகக் கேட்க முடியும் என்பதுதான் இந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம். சத்தமான ராக் இசையில் பெரும்பாலும் எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். இங்கே அப்படி ஆவதில்லை. முகாயின் டெலிகாஸ்டர் கிதார் தகரத்தை வெட்டுகிற மாதிரி கூர்மையாக வரும். அதன் மேலே தாபுச்சி உருகிய உலோகத்தை ஊற்றுவார். நாகாவோவின் பேஸ் வெறுமனே அடியில் கிடக்காது. கம்பியை வேகவேகமாக அடித்து, பாட்டையே அவர்தான் இழுத்துக்கொண்டு போவார். இனாசாவா எந்த இடத்திலும் காலியிடம் விடாதவர். இத்தனைக்கும் நடுவில் முகாய் கத்துவார். பாடுகிறார் என்று சொல்வதை விட, பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக் கேட்கட்டும் என்று குரல் கொடுக்கிறார் என்று சொல்லலாம். நாலில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் நிற்காது. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அவர்களுடைய கதை முழுவதும் இதை ஒட்டித்தான் நடந்தது.

முதல் ஆல்பம் 'ஸ்கூல் கேர்ள் பை பை'. 1997 நவம்பரில் ஆட்டோமேட்டிக் கிஸ் என்ற சிறிய லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், வந்தது. ஒலி கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். ஆனால் 'ஒமோயிதே இன் மை ஹெட்', 'இக்கி பாப் ஃபேன் கிளப்' என்று அவர்கள் கடைசி வரை மேடையில் வாசித்த பாட்டுகள் அதிலேயே இருக்கின்றன. அந்த வயதில், அந்த வசதியில், இவ்வளவு தீர்மானமான பாட்டுகள். அமெரிக்க ராக் பாடகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய 'இக்கி பாப் ஃபேன் கிளப்' கேட்டால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பழைய இசைத்தட்டு, கூட உட்கார்ந்து கேட்ட ஒரு பெண் எல்லாம் கண்முன்னே வரும். மொழி தெரியாமலே இந்தப் படம் என் மனதில் வந்தது. பிறகு வரிகளின் பொருளைத் தேடிப் படித்தபோது ஏறக்குறைய அதேதான் இருந்தது.

1998இல் தோக்கியோ. கோகா ரெகார்ட்ஸ் என்ற இண்டி, அதாவது சுயேச்சையான, லேபிளில் 'ட்ரங்கன் ஹார்ட்டெட்' என்ற சிங்கிள், தனிப்பாட்டு வெளியீடு. 1999 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் கச்சேரி. அதே ஆண்டு மே மாதம் தோஷிபா இஎம்ஐ என்ற பெரிய கம்பெனி வழியாக 'தோமேய் ஷோஜோ' என்ற பாட்டு வெளியானது. தமிழில் சொன்னால், ஊடுருவித் தெரிகிற பெண். மூன்றரை நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. கோடை, தெரு, ஒரு பெண், கண்கூசும் வெயில். கிதார்கள் இரண்டும் வெயிலைப் போலவே மேலே வந்து விழும். ஜூலையில் வந்த 'ஸ்கூல் கேர்ள் டிஸ்டார்ஷனல் அடிக்ட்' ஆல்பத்தில் இந்தப் பாட்டும் உண்டு. அட்டையில் உள்ள பெண்ணின் படத்தை வரைந்தது முகாய்தான். அவர்கள் எந்தப் பள்ளியில் படித்து வந்தவர்கள் என்பதை மறைக்கவே இல்லை. 'பிக்ஸி டு' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பிக்ஸீஸ், ஹஸ்கர் டு என்ற இரண்டு அமெரிக்கக் குழுக்களின் பெயரையும் சேர்த்துச் செய்த தலைப்பு அது. குருவின் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குகிற மரியாதை.

அந்த ஆல்பத்தில் பாடகரின் குரல் கிதார்களுக்குப் பின்னால் புதைந்து கிடக்கும். பெரிய கம்பெனியில் முதல் ஆல்பம் போடுகிறவர்கள் குரலை முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம். இவர்கள் அறையின் சத்தத்தை முன்னால் வைத்தார்கள். நீங்கள் கதவோரம் நின்று கேட்கிறீர்கள், உள்ளே 4 பேர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற உணர்வு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த நேரடி ஒலிப்பதிவான 'ஷிபுயா ராக்டிரான்ஸ்ஃபார்ம்ட் ஜோதாய்' அந்தக் கதவையும் திறந்து விட்டது. தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் உள்ள கிளப் குவாட்ரோவில் பதிவானது. ஸ்டுடியோ ஆல்பம் வந்து 5 மாதத்துக்குள் நேரடி ஆல்பம். இன்னும் பேர் வாங்காத ஒரு குழு இப்படிச் செய்வது அபூர்வம். ஆனால் தாங்கள் யார் என்பதற்கான உண்மையான சான்று மேடையில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அதே கருத்துதான். ஸ்டுடியோவில் கேட்டால் நல்ல பாட்டு. மேடையில் கேட்டால் அந்தப் பாட்டுக்கு வேறு உடம்பே வந்துவிடுகிறது.

அப்புறம் வந்தவர் இசைத் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன். மெர்குரி ரெவ் என்ற அமெரிக்க ராக் குழுவைச் சேர்ந்தவர், தி ஃப்ளேமிங் லிப்ஸ் என்ற இன்னொரு குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவர். நியூயார்க் மாநிலத்தில், மாநகரத்திலிருந்து வெகு தொலைவில், கசடேகா என்ற கிராமப்புறத்தில் டார்பாக்ஸ் ரோடு என்ற அவருடைய ஸ்டுடியோ இருக்கிறது. நம்பர் கேர்ள் அங்கே போனார்கள். 2000 ஜூலையில் 'சப்புகேய்' வெளிவந்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். சப்புகேய் என்றால் ஒன்றுமில்லாத, வெறிச்சோடிப்போன காட்சி. ஜப்பானிய எழுத்தில் அதை எழுதும்போது 3 சித்திர எழுத்துகள் வரும். முதல் எழுத்துக்குக் கொல்லுதல் என்று பொருள். அடுத்த இரண்டும் சேர்ந்தால் நிலக்காட்சி. கொலையுண்ட நிலக்காட்சி என்றுகூட அதைப் படிக்கலாம். ஆல்பத்தின் ஒலியும் அப்படித்தான் இருக்கிறது. முந்தைய ஆல்பத்தின் வெயில் போய்விட்டது. அதே சத்தம், அதே வேகம், ஆனால் வாத்தியங்களுக்கு நடுவே காற்று புகுந்திருக்கிறது. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஓரங்களில் பிய்ந்து வருகிறது. ஸ்பீக்கர் தாங்காமல் போய்விட்டதோ என்று நினைக்க வைக்கும் ஒலி. அது ஃப்ரிட்மனின் கைவண்ணம். ஒலியை அழகுபடுத்துவதற்குப் பதிலாக அதன் வலிமையைப் பிடித்துத் தட்டில் அடைத்துவிட்டார்.

'ஜெகென் வெர்சஸ் அண்டர்கவர்', 'அர்பன் கிதார் சயோனாரா', 'சப்புகேய்', 'டாட்டூ ஆரி'. முகாய் இங்கே நகரத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். தெற்கிலிருந்து பிழைப்புக்கு வந்தவன் தலைநகரத்தின் தெருக்களில் நடக்கும்போது என்னென்ன கண்ணில் படுமோ அதெல்லாம் இந்தப் பாட்டுகளில் இருக்கிறது. யாரையும் அவர் குற்றம் சொல்வதில்லை. பார்க்கிறார், பெயர் சொல்கிறார், நகர்கிறார். 'டாட்டூ ஆரி' பாட்டின் சப்போரோ நேரடிப் பதிவைத் தேடிக் கேளுங்கள். அதில் தாபுச்சி வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ராகம் என்று எதையும் தேட வேண்டாம். கிதார் ஒரு கட்டத்தில் அழுகிறதா, இரும்புக் கம்பி அறுகிறதா என்று சொல்ல முடியாது. அந்தப் பகுதியை எழுத்தில் விளக்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன். கேட்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

2002 ஏப்ரலில் 'நம்-ஹெவிமெட்டாலிக்'. மறுபடியும் ஃப்ரிட்மன்தான். இந்த ஆல்பத்தைப் பிடித்துக்கொள்ள எனக்கு 2 வருடம் ஆனது. முந்தைய ஆல்பங்களில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இதில் நின்று நின்று நடக்கிறது. ஜமைக்காவில் பிறந்த டப் இசையின் எதிரொலிகள், ராப் போலப் பேசிக்கொண்டே போகும் வரிகள், ஜப்பானியத் திருவிழா மேளத்தின் சாயல். முன்னோடியாக வந்த சிங்கிளின் பெயர் 'நம்-ஆமி-தாபுட்ஸ்'. அமிதா புத்தரை வணங்கிச் சொல்லும் 'நமு அமிதா புத்சு' என்ற நாம ஜபத்தைத் திருகி வைத்த பெயர். சமஸ்கிருத 'நமோ' சீனம் வழியாக ஜப்பான் போய் 'நமு' ஆகி, அங்கிருந்து ஒரு ராக் குழுவின் சிங்கிளில் 'நம்' ஆகியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் நினைவிருக்கிறது. பழக்கமான ஒரு சொல் இத்தனை கடல் தாண்டிப்போய், வேறு வேஷத்தில் என் ஹெட்போனுக்குள் திரும்பி வந்திருந்தது.

பௌத்தத்திலிருந்து முகாய் எடுத்துக்கொண்ட இன்னொரு சொல் 'முஜோ'. நம் மொழியில் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: நிலையாமை. தோன்றுவது எதுவும் நிலைக்காது என்கிற அந்த எண்ணத்தை அவர் திரும்பத் திரும்பத் தொட்டார். 2002 இலையுதிர் காலத்தில் அவர்கள் போன சுற்றுப்பயணத்தின் பெயரே 'நம்-முஜோவின் பயணம்'. பெயர் வைத்தபோது அவர்கள் பிரிவதாக இல்லை. அந்தச் சமயத்தில்தான் பேஸ் வாசிக்கும் நாகாவோ தான் விலக விரும்புவதைச் சொன்னார்.

வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் புது ஆள் தேடியிருப்பார்கள். கம்பெனி கையில் இருக்கிறது, பேர் வந்துகொண்டிருக்கிறது, பேஸ் வாசிக்க ஆளா கிடைக்காது? இவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இந்த 4 பேரில் ஒருவர் இல்லையென்றால் அது நம்பர் கேர்ள் இல்லை என்று முடிவெடுத்தார்கள். பயணத்தின் கடைசி நிறுத்தமான சப்போரோவில் எல்லாம் முடிந்தது. முதல் ஆல்பத்துக்கும் அந்த இரவுக்கும் நடுவே ஏறக்குறைய 5 ஆண்டுகள். ஸ்டுடியோ ஆல்பம் மொத்தமே 4.

யாரும் யாரையும் துரத்தவில்லை, யாரும் பெயரைக் கைப்பற்றிக்கொண்டு ஓடவில்லை. குழு கலைவது என்பது பெரும்பாலும் வக்கீல் வரை போகிற உலகத்தில் இந்த முடிவின் நேர்த்தி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் கடைசிப் பதிவில் ஏன் துக்கம் கேட்கவில்லை என்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த 16 ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகாய் ஜாசென் பாய்ஸ் என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். இனாசாவா முதலில் அதில் இருந்து, பிறகு வோலா அண்ட் தி ஓரியண்டல் மெஷின் என்ற சொந்தக் குழுவுக்குப் போனார். நாகாவோ பல குழுக்களில் வாசித்தார். தாபுச்சி டோடில் என்ற குழுவில் பாடினார். கூடவே 2003இல் ப்ளட்தர்ஸ்டி புட்சர்ஸ் என்ற குழுவில் சேர்ந்தார். சப்போரோவில் பிறந்த அந்தக் குழுவின் தலைவர் யோஷிமுரா ஹிதேகி 2013இல் இறந்தபோது அவருக்கு வயது 46. தாபுச்சி 10 ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று வாசித்திருந்தார். இதற்கிடையில் நம்பர் கேர்ளின் பழைய கச்சேரிப் பதிவுகள் 2005இல் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. அடுத்த தலைமுறை அவர்களைக் கேட்டு வளர்ந்தது. ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழுவின் 'என்.ஜி.எஸ்.' என்ற பாட்டின் தலைப்புக்கு 'நம்பர் கேர்ள் சிண்ட்ரோம்' என்பதுதான் விரிவு.

2019 பிப்ரவரியில், மறுபடியும் சேர்கிறோம் என்று ஓர் அறிவிப்பு. முகாய் எழுதியது ரொம்ப நேரடியாக இருந்தது: முந்தைய ஆண்டு கோடையின் தொடக்கத்தில் ஒரு நாள் குடித்திருந்தேன், அவர்களோடு ரைசிங் சன் விழாவில் மறுபடி வாசிக்க வேண்டும் போல இருந்தது, பணமும் சம்பாதிக்க வேண்டும் என்று தோன்றியது, போன் செய்தேன், அவ்வளவுதான். ரைசிங் சன் ஹொக்கைதோவில் கடற்கரையோரத்தில் நடக்கும் விழா. 1999இல் அது முதன்முதலாக நடந்தபோதே இவர்கள் அங்கே வாசித்திருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டோம். 2019 ஆகஸ்டில் அவர்கள் வாசிக்க வேண்டிய நாள் புயலால் ரத்தானது. 2020இலும் 2021இலும் கொரோனாவால் விழாவே நடக்கவில்லை. எந்த மேடைக்காகத் திரும்பி வந்தார்களோ அந்த மேடை 3 வருடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நடுவில் தோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கத்திலும் மற்ற ஊர்களிலும் வாசித்தார்கள். 2020 மார்ச் 1ஆம் தேதி செப் தோக்கியோவில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் கச்சேரி செய்து, அதை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அதை நான் பார்த்தேன். காலியான அந்தப் பெரிய கூடத்தில் நடிகர் மொரியாமா மிராய் திடீரென்று வந்து ஆடினார். கைதட்டல் இல்லாத ஒரு ராக் கச்சேரியில், ஒருவருக்கு ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிற 4 பேரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது விசித்திரமான அனுபவம். எனக்குப் பல வருடமாகக் காதில் மட்டும் இருந்த அறை, அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

2022 ஆகஸ்டில் ஒருவழியாக ரைசிங் சன் மேடை ஏறினார்கள். ஏறிய மேடையிலேயே, மறுபடியும் கலைகிறோம் என்று முகாய் சொல்லிவிட்டார். வந்த வேலை முடிந்தது என்ற மாதிரி. அதே ஆண்டு டிசம்பர் 11இல் யோகோஹாமாவின் பியா அரினாவில் கடைசிக் கச்சேரி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'முஜோ நோ ஹி', நிலையாமையின் நாள். 20 வருடத்துக்கு முன் சுற்றுப்பயணத்துக்கு வைத்த அதே சொல். இந்த முறையும் அதே 4 பேர். நடுவில் புது ஆல்பம் எதுவும் போடவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய பாட்டுகளை நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதே எனக்குப் போதுமான புதுமையாக இருந்தது.

அந்த யோகோஹாமா இரவும் ஒலிப்பதிவாக வந்திருக்கிறது. 'தோமேய் ஷோஜோ'வை ஒரே இரவில் மறுபடி மறுபடி வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத் தொடங்குகிறது. சப்போரோ பதிவை விட வேகம் சற்றுக் குறைவாகக் கேட்கிறது, ஒலியில் கனம் கூடியிருக்கிறது. முகாயின் குரல் தடித்திருக்கிறது. தாபுச்சியின் கிதார் மட்டும் ஒரு நாள்கூட மூத்ததாகத் தெரியவில்லை. 2024இல் ஜாசென் பாய்ஸ் 12 வருடம் கழித்து ஓர் ஆல்பம் போட்டு, அதே ஆண்டு அக்டோபரில் தோக்கியோவின் பெரிய அரங்கமான புதோகானிலும் வாசித்தார்கள். முகாய் ஓயவில்லை, மற்றவர்களும் ஓயவில்லை.

புதிதாகக் கேட்க நினைக்கிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பார்கள். ஆண்டு வரிசையில் போக வேண்டாம். நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்குங்கள்: சப்போரோ, 'ஒமோயிதே இன் மை ஹெட்'. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் வரும், அப்புறம் டிரம்ஸ்காரர் பெயர் வரும்.